கெசியா வீட்டு டீச்சர்

வேன் அங்கிளுக்கு அடுத்த இடம் தனக்குக் கிடைத்திருந்தால்கூட பிரமிளா மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். கிடைக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய ஒரு மாலை. குடும்ப ஜெபத்தை முடித்துவைக்கும் முறை அன்று ஐந்து வயது கெசியாவுடையது. கையைக் கூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஏசப்பா, வேன் அங்கிளை ஆசீர்வதிங்க" என்று ஆரம்பித்தாள். அடுத்து தாடிகா, அதாவது பாலர் பள்ளி, டீச்சர் ஆசீர்வாதம் பெற்றார். தாடிகா முடிந்ததும் மாலைவரை பார்த்துக்கொள்ளும் மங்களம் ஆன்ட்டி பெற்றார். மங்களம் ஆன்ட்டியின் பூனையும், அந்தப் பூனையின் குட்டிகளும் பெற்றன. அப்பா பெற்றார். ஆமென் சொல்ல வாயெடுத்தவள், எதையோ மறந்துவிட்டவளைப்போல ஒற்றைக் கண்ணைத் திறந்து எதிரே இருந்த பிரமிளாவைப் பார்த்துவிட்டு, "ஆங், அம்மாவையும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

பூனைக்குட்டிக்குப் பின்னால் தான் வந்ததை நினைத்து பிரமிளாவுக்குச் சிரிப்பு வந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது அழுகை வந்தது. பிள்ளைமேல் என்ன தப்பு? செமோரிலிருந்து விடிவதற்குள் கிளம்பி, ஈப்போவில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பிறருடைய விபத்துகளை நாள் முழுக்கத் தட்டச்சு செய்துவிட்டு, இருட்டியபின் வீடு திரும்பும் ஒருத்தியை எந்தப் பிள்ளை முதலில் நினைக்கும்? வேன் அங்கிளாவது காலையும் மாலையும் பாட்டுப் போட்டு, சீட் பெல்ட் மாட்டிவிட்டு, "பாப்பா பசியாறிட்டீங்களா?" என்று கேட்கிறார்.

"என்னங்க, நான் வேலைய விட்டுர்றேன்" என்றாள், ரசத்தை ஊற்றியபடியே. "பிள்ளைய நானே வீட்ல வச்சிப் படிக்க வைக்கிறேன். ஒண்ணாம் வகுப்பு சேருற வரைக்குமாவது."

இது அவளுக்குத் திடீரென்று தோன்றியதல்ல. லூமூட்டில் நடந்த சபைக் குடும்ப முகாமில் ஒரு தாயைச் சந்தித்திருந்தாள். தாடிகாவுக்கு அனுப்பாமல் தன் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கிறவள். கடற்கரையில் அவளுடைய பிள்ளைகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்விகள் பிரமிளாவின் மனதிலேயே தங்கிவிட்டன. அன்றிலிருந்து அதற்காக ஜெபித்துக்கொண்டுதான் இருந்தாள். பதிலைப் பூனைக்குட்டி வழியாகக் கொடுத்துவிட்டார் கர்த்தர்.

கணவன் கனகராஜ் ஜெலாப்பாங்கில் பிளாஸ்டிக் சாமான் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவன். இயந்திரம் எவ்வளவு சத்தம் போட்டாலும் பதறாதவன். அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே யோசித்தான்.

"சரிலா, செய்யி" என்றான். "ஆனா ஒண்ணு. அக்காகிட்ட நீயே சொல்லிரு."

பதறாத கனகராஜ் உலகத்தில் பயப்படும் ஒரே ஆள் அவனுடைய அக்கா புஷ்பலதா. ஈப்போவில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. அவரிடம் அ, ஆ எழுதிப் பழகியவர்கள் இன்று ஊர் முழுக்க இருக்கிறார்கள். வங்கிக்குப் போனால் கவுண்டரில் இருப்பவன் எழுந்து நிற்பான். நல்ல மனுஷிதான். அன்பையும் அதட்டலாகத்தான் காட்டுவார், அவ்வளவே.

"என்னாது, வீட்லயா?" போனில் கேட்ட குரல் குசினி அடுப்புவரை எட்டியது. "படிச்சுக் கொடுக்கிறதுன்னா என்ன, மீ கோரேங் பெரட்டுறதா? உனக்கு இன்சூரன்ஸ் தெரியும், சரி. எழுத்தைப் பத்தி என்ன தெரியும்? பிள்ளை ரெண்டுங்கெட்டானா நிக்கும். பாத்துக்க!"

"அண்ணி, நான் ஜெபம் பண்ணித்தான்..."

"ஜெபம் நானும்தான் பண்றேன், லெஸன் பிளானும் எழுதுறேன்ல?"

கடைசியில் ஓர் ஒப்பந்தத்தில் வந்து நின்றது பேச்சு. கிறிஸ்துமஸுக்குமுன் வரும் ஆகமன காலத்தின் முதல் வீட்டு ஜெபக்கூட்டம் வருடா வருடம் புஷ்பலதா வீட்டில்தான். சபையின் வழக்கப்படி அங்கே வேதபாடத்தை ஆளுக்கொரு வசனமாக வட்டமாகச் சுற்றி வாசிப்பார்கள். எழுதப்படிக்கத் தெரிந்த யாரையும் அந்த வட்டம் விடாது. இந்த முறை கெசியாவும் வட்டத்தில் உட்கார வேண்டும். தன் வசனத்தைத் தானே வாசித்துவிட்டால் புஷ்பலதா அதற்குப்பின் வாய் திறக்கமாட்டார். வாசிக்கவில்லையென்றால் புது வருடத்தில் பிள்ளை தாடிகாவுக்கு, தாய் வேலைக்கு.

பயத்தில் கனகராஜ் தலையாட்டினான். ரோஷத்தில் பிரமிளாவும் தலையாட்டினாள். போனில் தலையாட்டினால் யாருக்கும் தெரியாது என்பதால் இருவருமாக "சரிக்கா", "சரி அண்ணி" என்று வேறு சொல்லித் தொலைத்தார்கள்.

ஒப்பந்தம் வந்ததும் பிரமிளாவுக்குள் இருந்த அம்மா பின்னுக்குப் போய், ஒரு தலைமையாசிரியை முன்னுக்கு வந்தாள். பின்னறையில் கிடந்த சலவைத் துணிமேடு இடம்பெயர்ந்தது. வெள்ளைப் பலகை வந்தது. கால அட்டவணை பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரேறியது. ஞாயிறு பள்ளியில் வேண்டாமென்று போட்டிருந்த பித்தளைக் கைமணி வந்தது. மேசைமேல் குட்டித் தேசியக் கொடி நின்றது. கெசியாவுக்கு நீலப் பினஃபோர் தைத்தாயிற்று. தனக்கு மட்டும் என்ன குறை என்று பிரமிளா தினமும் சேலை கட்டி, கொண்டை போட்டு, கழுத்தில் பெயர் அட்டையும் மாட்டிக்கொண்டாள். வீட்டில் இருந்த மற்ற ஒரே ஆளுக்கு அவள் பெயர் நன்றாகவே தெரியும்.

எட்டு மணிக்கு மணி அடிக்கும். சபை கூடும். சபை என்றால் டீச்சரும் கெசியாவும். இரண்டு பேருமாக நாட்டுப்பண் பாடுவார்கள். பிறகு வருகைப் பதிவு.

"கெசியா கனகராஜ்?"

"பிரெசண்ட், டீச்சர்!"

வேறு பெயர்கள் இல்லாததால் வருகைப் பதிவு அத்தோடு முடியும். பத்து மணிக்கு ரெஹாட், அதாவது இடைவேளை. கெசியா டப்பாவை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் ஒற்றையாள் வரிசையில் நிற்பாள். டீச்சர் ஓடிப்போய் ஏப்ரன் கட்டிக்கொண்டு கேண்டீன் அக்காவாக வந்து நாசி லெமாக் வைப்பாள். ஒருநாள் இரவு வேலை முடிந்து வந்த கனகராஜ், சாக்ஸைக் கழற்றியபடி பின்னறைக்குள் நுழைந்துவிட்டான்.

"கிளாஸ் நடக்குதுல்ல? கதவைத் தட்டிட்டு வாங்க" என்றாள் பிரமிளா.

அவன் வெளியே போய், கதவைத் தட்டி, "மே ஐ கம் இன், டீச்சர்?" என்று கேட்டான். கெசியா விழுந்து விழுந்து சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. டீச்சருக்கு அன்று 'ஞ'வை முடித்தாக வேண்டியிருந்தது.

விதிகளில் முக்கியமானது ஒன்று: எட்டிலிருந்து பன்னிரண்டுவரை "அம்மா" என்று கூப்பிடக் கூடாது. டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். முகாமில் சந்தித்த தாய் இப்படி எதுவும் சொல்லவில்லை. பிரமிளாவே யோசித்துக் கண்டுபிடித்தது. ஒழுங்கு வேண்டாமா?

ஒழுங்கு வந்தது. படிப்புதான் வரவில்லை. பலகையைப் பார்த்து கெசியா கொட்டாவி விட்டாள். 'ங'வையும் 'ஙா'வையும் காட்டினால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். குச்சியால் சுட்டிச் சுட்டி டீச்சரின் கை வலித்தது, குரல் உயர்ந்தது. நேற்றுச் சொன்ன எழுத்தை இன்று கேட்டால் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்க்கும். டீச்சருக்குக் கோபம் வரும். கோபத்தைவிடப் பெரிதாகப் பயம் வரும்.

ஒரு புதன்கிழமை, வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கெசியா கையை உயர்த்தினாள். அனுமதி கிடைத்ததும் எழுந்து நின்றாள்.

"டீச்சர், எங்கம்மா எப்ப வருவாங்க?"

பிரமிளா முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. அவள் முன்னால் நிற்பது தன் அம்மாதான் என்று கெசியாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் உண்மையாகவே கேட்டாள். காலையில் போன அம்மா மதியம்தான் வருகிறாள், அதுவும் களைத்துப்போய், சிடுசிடுவென்று வருகிறாள் என்பதை அவள் கவனித்திருந்தாள்.

"ஏம்மா கேக்கிற?"

"அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். டீச்சர்கிட்ட சொல்ல முடியாது."

"என்ன சொல்லணும்?"

கெசியா தயங்கினாள். "எனக்கு டீச்சரைப் பிடிக்கலைன்னு சொல்லணும்."

பிரமிளா கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள். வேலையை விட்டது எதற்கு? இந்தப் பிள்ளையின் ஜெபத்தில் பூனைக்குட்டிக்கு முன்னால் வருவதற்கு. கடைசியில் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு அவளைவிட்டு வெகுதூரம் போயிருந்தாள். தன் கழுத்திலிருந்த பெயர் அட்டையைக் கழற்றினாள். கொண்டையை அவிழ்த்தாள். கதவைத் திறந்து வெளியே போய், சாத்தினாள். ஒரு கணம் கழித்து உள்ளே வந்து, "அம்மா வந்துட்டேன்டா" என்றாள்.

கெசியா ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"டீச்சர் எங்க, அம்மா?"

"போயிட்டாங்க."

"திரும்ப வருவாங்களா?"

"வரமாட்டாங்க. நான் போகச் சொல்லிட்டேன்."

"அலாமா, மழைல போறாங்களே! குடை கொடுத்தீங்களா?"

கொடுத்ததாகச் சொன்னாள் பிரமிளா. சொல்லிவிட்டுச் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகவே செய்தாள். அன்று மதியம் இருவரும் ஜெம்புட் ஜெம்புட் சுட்டுத் தின்றார்கள். வாழைப்பழத்தை மசித்து எண்ணெயில் போடும் அந்தப் பலகாரத்தில் பாதி எண்ணெய்க்குப் போகுமுன்பே கெசியாவின் வாய்க்குப் போனது.

டீச்சர் போனபின் நாட்கள் இனிமையாகப் போயின. ஆனால் படிப்பு? பிரமிளாவுக்கு வழி தெரியவில்லை. இருவரும் சந்தைக்குப் போனார்கள், துணி காயப்போட்டார்கள், வெண்டைக்காய் நறுக்கினார்கள், வேலை செய்யும்போதெல்லாம் பாடினார்கள். பிரமிளாவுக்குக் குரல் நன்றாக இருக்கும். சபையின் பாட்டுப் புத்தகத்தில் பாதி கெசியாவுக்கு மனப்பாடம். அதில் அவளுக்கு உயிரான பாட்டு ஒன்று உண்டு. மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பாலனைத் தாலாட்டும் கிறிஸ்துமஸ் பாட்டு. ஒவ்வொரு சரணமும் 'ஆராரோ ஆராரோ' என்று முடியும். கிறிஸ்துமஸுக்கு எவ்வளவு நாள் இருந்தாலும் அவளுக்குத் தினமும் அதுதான் வேண்டும்.

புஷ்பலதா போன் செய்தால் "நல்லாப் போகுது அண்ணி" என்று சொல்லிவிட்டு பிரமிளா வியர்வையைத் துடைத்துக்கொள்வாள். காலண்டரில் மாதங்கள் கழிந்துகொண்டிருந்தன. தோற்றால் இந்தப் பகல்கள் எல்லாம் போய்விடும். மறுபடி இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்ப வேண்டும். அந்த நினைப்பு வந்தால் வெண்டைக்காயோடு விரலையும் நறுக்கிக்கொள்வாள்.

இவர்களுடைய தேவாலயம் செமோருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, செம்பனையில் பாதி வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. சபையார் ஈப்போவுக்கும் கோலா கங்சாருக்கும் குடிபோய்விட்டார்கள். ஆனாலும் ஞாயிறு காலையில் எல்லாருடைய காடியும், அதாவது காரும், தவறாமல் அங்கே வந்து நிற்கும். சனிக்கிழமை மாலையில் அதைத் திறந்து கூட்டித் துடைப்பது கனகராஜின் பொறுப்பு. பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை உண்டு. மறுநாள் பாட வேண்டிய பாட்டுகளின் எண்களை அதில் அட்டை அட்டையாகச் சொருக வேண்டும். பாஸ்டர் எண்களைப் போனில் அனுப்புவார். கனகராஜ் கூட்டுவான். எண்ணைச் சொருகுவது, நாற்காலியில் ஏறி நிற்கும் கெசியாவின் வேலை. பிரமிளா அந்த நேரத்தில் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு இறைச்சி வெட்டிக்கொண்டிருப்பாள். அப்பனும் மகளும் அங்கே என்ன செய்கிறார்கள் என்று அவள் கேட்டதுமில்லை.

அந்தச் சபையில் ஒரு குணம். பலகையை யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். பலகையில் எந்த எண் இருக்கிறதோ அதுதான் பாட்டு. ஆகஸ்ட் மாதத்து ஒரு ஞாயிறு, பாஸ்டர் மனந்திரும்புதலைப் பற்றி உருக்கமாக ஜெபித்து முடித்தார். கீபோர்டு வாசிக்கும் சாந்தினி பலகையைப் பார்த்தாள், புத்தகத்தைத் திறந்தாள், ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு பலகைக்குக் கீழ்ப்படிந்து வாசிக்கத் தொடங்கினாள்.

கொளுத்தும் ஆகஸ்ட் வெயிலில், மின்விசிறிகள் கிறுகிறுவென்று சுற்ற, சபை முழுதும் எழுந்து நின்று தொழுவத்துப் பாலனைத் தாலாட்டியது. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டே பாடினார்கள். 'ஆராரோ ஆராரோ' வந்த இடத்தில் எல்லாருடைய குரலையும் தாண்டி ஒரு கீச்சுக்குரல் கேட்டது. பிரமிளா திரும்பினாள். கெசியா பெஞ்சின்மேல் ஏறி நின்று, உலகத்தையே வென்றவளாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

"கிறிஸ்துமஸ் நமக்குச் சீக்கிரமா வந்திருச்சு" என்றார் பாஸ்டர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. பிரமிளாவுக்கு எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"நான் பாஸ்டர் அனுப்புனதைத்தான் சொன்னேன், சத்தியமா" என்றான் கனகராஜ், வெளியே காடிக்குப் போகும் வழியில். "இவதான் போட்டா."

"கெசியா, நம்பரை மாத்தினியா?"

"ஆமா. அந்தப் பாட்டு யாருமே போடமாட்டேங்கிறாங்க. பாவம்."

திட்டுவதற்காக வாயைத் திறந்த பிரமிளா அப்படியே நின்றுவிட்டாள். எண்ணை மாற்றியிருக்கிறாள் என்றால், அந்தப் பாட்டின் எண் இவளுக்கு எப்படித் தெரிந்தது? இருநூற்றுச் சொச்சம் எண்ணாயிற்றே. யார் சொன்னார்கள்?

"யாரும் சொல்லல. அப்பா கூட்டுறப்ப நான் புத்தகத்துல தேடுனேன்."

"எப்படித் தேடுன? உனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே?"

கெசியாவுக்கு அம்மாவின் அறியாமை கொஞ்சம் அலுப்பாக இருந்தது. பிரமிளாவின் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை வாங்கி, காடியின் சூடான பானட்டின்மேல் விரித்து, பக்கங்களைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நிறுத்தி விரலை வைத்தாள்.

"இங்க பாருங்க. இது ஆராரோ. பக்கத்துலயே இன்னொண்ணு, அதே மாதிரி. இதுவும் ஆராரோ. கீழயும் பாருங்க, ரெண்டு ரெண்டா நிக்குது. வேற எந்தப் பாட்டுலயும் இப்படி நிக்கல. இந்த 'ஆ' டீச்சர் காட்டுனாங்க." பாவம், டீச்சர் வீணாகப் போகவில்லை. "அப்புறம் மேல இருந்து மெதுவாப் பாடுனேன். விரலை வச்சுக்கிட்டுப் பாடுனேன். நான் நிறுத்துற இடத்துல வார்த்தையும் நிக்குது, பாருங்களேன்!"

சொல்லிவிட்டு, விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் நகர்த்திக்கொண்டே பாடிக் காட்டினாள். விரலும் குரலும் ஒன்றாகப் போயின. ஓரிடத்தில் விரல் முந்திக்கொண்டது. நிறுத்தினாள், பின்னால் வந்தாள், சரிசெய்துகொண்டு மறுபடி போனாள்.

செம்பனை ஓரத்து அந்தச் செம்மண் தரையில் பிரமிளா ஞாயிற்றுக்கிழமைச் சேலையோடு முழங்காலிட்டுவிட்டாள். ஜெபிக்க அல்ல, பிள்ளையைக் கட்டிக்கொள்ள. இரண்டும் அவளுக்கு அந்த நேரத்தில் ஒன்றாகத்தான் இருந்தன. அவள் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. வீடு போகும்வரை மூவரும் அதே பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள். போக்குவரத்து விளக்கில் பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் ஆகஸ்டில் என்ன தாலாட்டு என்று எட்டிப்பார்த்தார்.

அதற்குப்பின் வெள்ளைப் பலகை தேவைப்படவில்லை. மனப்பாடமான பாட்டையெல்லாம் விரல் வைத்துப் பாடினார்கள். பிறகு மனப்பாடமில்லாத பாட்டுக்குப் போனார்கள். பிறகு மாவுப் பொட்டலம், மீன் தைலப் புட்டி, கோயில் அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை. கெசியாவின் கண்ணில் பட்ட எதுவும் தப்பவில்லை. எழுத்துக் கூட்டும்போது தடுமாறினால் சின்னதாக ஒரு ராகம் போட்டுக்கொள்வாள். ராகத்தில் போனால் அடுத்த எழுத்து தானாக வரும் என்பது அவள் நம்பிக்கை.

ஆகமன வாரத்துக்கான வேதபாடத்தை பாஸ்டர் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பிரமிளா பார்த்தாள். இயேசுவின் வம்சவரலாறு. பெரியவர்களே கண்டு நடுங்கும் அத்தியாயம். வசனத்துக்கு வசனம் பெயர்கள். இன்னார் இன்னாரைப் பெற்றான், அவன் இன்னாரைப் பெற்றான் என்று போய்க்கொண்டே இருக்கும்.

இங்கேதான் பிரமிளா ஒரு சின்னத் திருட்டுத்தனம் செய்தாள். முதல் வசனத்தை எப்போதும் பாஸ்டர் வாசிப்பார். அவருக்குப் பக்கத்தில் கெசியாவை உட்காரவைத்தால் இரண்டாம் வசனம் அவளுக்கு விழும். அதில் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. எல்லாம் ஞாயிறு பள்ளியில் தெரிந்தவர்கள். வாரம் முழுக்க அந்த ஒரு வசனத்தையே வாசிக்கவைத்தாள். கனகராஜ் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இது ஏமாத்து இல்லையா, பிரமி?"

"உங்கக்கா முன்னாடி பிள்ளை அவமானப்படணுமா? சும்மா இருங்கலா."

புஷ்பலதா வீட்டு முன்கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. பிரமிளா சீக்கிரமே போய் இடம் பிடித்தாள். பாஸ்டர், கெசியா, தான், கனகராஜ். எல்லாம் திட்டப்படி. பாட்டு முடிந்தது. வேதாகமங்கள் திறந்தன. வழக்கம்போல எல்லாரும் தங்கள் முறைக்கு எந்த வசனம் விழும் என்று ஓரக்கண்ணால் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது வாசலில் காடி வந்து நின்றது. கோலா கங்சாரிலிருந்து தர்மா அண்ணன், மனைவி, அம்மா, மாமியார், மகள் என்று குடும்பத்தோடு வந்திறங்கினார்.

"வாங்க, வாங்க! தூரத்திலருந்து வாறவங்க, பாஸ்டர் பக்கத்துல உக்காருங்க" என்றார் புஷ்பலதா. "பிரமிளா, கொஞ்சம் தள்ளி உக்காரும்மா."

தள்ளி உட்கார்ந்தார்கள். ஐந்து பேர் வந்ததில் ஐந்து வசனம் நகர்ந்தது. பிரமிளா எண்ணிப் பார்த்தாள். கெசியாவின் வசனம் இப்போது ரெகொபெயாம் என்ற பெயரில் போய் நின்றது. சபையில் யாருமே ஒரே மூச்சில் சொல்லியிராத பெயர். ஏமாற்றப் பார்த்ததற்குச் சரியான கூலி என்று நினைத்துக்கொண்டாள். பாஸ்டரின் குரல், தர்மா அண்ணனின் குரல், பிறகு ஒவ்வொருவராக. மாமியார் முடித்தார். மகள் முடித்தாள்.

கெசியா புத்தகத்தை மடியில் வைத்து விரலை ஊன்றினாள்.

"அம்மா, இது வேற வசனம்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படியாக.

"ஆமாடா" என்றாள் பிரமிளா. "இதை வாசி."

கெசியா சாலொமோனை எளிதாகக் கடந்தாள். விரல் அடுத்த சொல்லுக்கு வந்து நின்றது. "ரெ..." என்றாள். "கொ..." நின்றது. புஷ்பலதாவுக்கு ஒன்றாம் வகுப்பு வாயாயிற்றே, பொறுக்க முடியவில்லை. உதடு தானாகவே அசைந்தது.

"அத்தை, சொல்லிராதீங்க!" என்றாள் கெசியா.

அறை சிரித்தது. புஷ்பலதா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கெசியா மறுபடி ஆரம்பத்துக்கு வந்து, சின்னதாக ஒரு ராகத்தைப் பிடித்தாள். "ரெ-கொ-பெ-யா-மை" என்று தாலாட்டு மெட்டில் பாடிக்கொண்டே ஏறினாள். அதற்குப் பக்கத்தில் நின்ற சொல்லைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அது அவளுக்குத் தெரிந்த ஆள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் வந்து வந்து நிற்கிறது.

"பெற்றான்!" என்று முழங்கினாள்.

அடுத்த பெயர் வந்தது. தடுமாறினாள், ராகம் போட்டாள், பிடித்தாள். "பெற்றான்!" என்றாள். இந்த முறை தர்மா அண்ணன் மகளும் சேர்ந்துகொண்டாள். கடைசிப் பெயருக்கு வந்தபோது பாஸ்டர் முதல் மாமியார்வரை அறை முழுதும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தது. கெசியா விரலை நகர்த்தி, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

"பெற்றான்!" என்றது சபை.

வம்சவரலாறு இவ்வளவு குதூகலமாக அந்தச் சபையில் அதுவரை வாசிக்கப்பட்டதே இல்லை. பிரமிளாவுக்குக் கண் மறைத்ததில் தன் வசனம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கனகராஜ் எட்டி விரல் வைத்துக் காட்டினான்.

வாசிப்பு முடிந்ததும் புஷ்பலதா எழுந்துவந்து கெசியாவின் முன்னால் குனிந்தார். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் வழக்கம்போல அதட்டியது. "இந்த வயசுல, இந்தப் பேரை... ஏய், யாருலா உனக்குப் படிச்சுக் கொடுத்தது? டீச்சர் யாரு?"

"டீச்சரா?" கெசியா யோசித்தாள். "டீச்சர் ஒருத்தவங்க இருந்தாங்க அத்தை. அம்மா அவங்களை மழைல அனுப்பிட்டாங்க."

புஷ்பலதா நிமிர்ந்து பிரமிளாவைப் பார்த்தார். பிரமிளாவின் முகம் சிவந்தது. "அது நான்தான் அண்ணி" என்றாள். "அப்புறம் சொல்றேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் வாயைத் தொறக்கமாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல?" என்றார் புஷ்பலதா. சொன்ன வாக்கை அவரால் ஒரு நிமிடம் காப்பாற்ற முடிந்தது. "ஆனா ஒண்ணு. அந்த ராகத்தை எனக்கும் சொல்லிக் கொடு. என் கிளாஸ்ல அஞ்சாறு பேர் இருக்கானுங்க, ஒண்ணும் ஏற மாட்டேங்குது."

கூட்டத்தை முடித்துவைக்கும் ஜெபத்தைச் சின்னவர்கள் யாராவது செய்யட்டும் என்றார் பாஸ்டர். எல்லாருடைய பார்வையும் கெசியாவின்மேல் வந்து நின்றது. அவள் கையைக் கூப்பி, கண்ணை இறுக மூடினாள்.

"ஏசப்பா, அம்மாவை ஆசீர்வதிங்க" என்று ஆரம்பித்தாள். அப்பா வந்தார், அத்தை வந்தார், ரெகொபெயாம் வந்தார், வேன் அங்கிளும் பூனைக்குட்டிகளும் வந்தார்கள். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவளாகக் குரலைத் தாழ்த்தினாள். "அந்த டீச்சரையும் ஆசீர்வதிங்க. அவங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஆனா எங்க வீட்டுக்குத் திரும்ப அனுப்பிராதீங்க."

எல்லாரையும் முந்திக்கொண்டு, எல்லாரையும்விடச் சத்தமாக, பிரமிளா "ஆமென்" என்றாள்.